படுக்கை கிளாரன்ஸில், பனிச்சறுக்கு ஆஃப்ரிஸ்கியில்: பெரியவர்களோடு கிளம்பும் டர்பன் குடும்பங்களுக்கு

ஜூன் மாதம் வந்துவிட்டால் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இதே பேச்சுதான். பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளுக்குப் பனி காட்ட வேண்டும், பக்கத்து நாடான லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு இடம் இருக்கிறது, விடியற்காலை கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் வீட்டுப் பெரியவர்கள் இருப்பதில்லை. மூட்டு வலிக்கிற அம்மாவையோ பிரஷர் மாத்திரை போடுகிற மாமாவையோ வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். இல்லாவிட்டால் கூட்டிப் போய், மலை மேல் காருக்குள் கம்பளியைப் போர்த்தி நாள் முழுக்க உட்கார வைக்கிறார்கள். எனக்கு இது மனது கேட்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். எண்பதைத் தாண்டிய அம்மாவையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே வண்டியில் கூட்டிப் போகிறவள். என் யோசனை இதுதான்: கிளாரன்ஸில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். அதில் ஒரே ஒரு பகலை மலைக்குக் கொடுங்கள். மற்ற பகலெல்லாம் ஊருக்குள் நடப்பதற்கு.

கிளாரன்ஸ் ஃபிரீ ஸ்டேட்டின் கிழக்கு ஓரத்தில், மலூட்டி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. 1912இல் உண்டான ஊர். போயர்களின் தலைவர் பால் குரூகர் 1904இல் சுவிட்சர்லாந்தில் எந்த ஊரில் இறந்தாரோ, அந்த ஊரின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். நடுவில் புல்தரையும் மரங்களுமாக ஒரு சதுக்கம். அதைச் சுற்றியே ஓவியக் கடைகள், காப்பிக் கடைகள், சாப்பாட்டு இடங்கள், மணற்கல்லில் கட்டிய பழைய கட்டடங்கள். காரை ஒரு தடவை நிறுத்திவிட்டால் அப்புறம் மலைக்குப் போகும் நாள் வரை அதைத் தொட வேண்டியதில்லை.

உடம்புக்கும் இந்த ஏற்பாடுதான் நல்லது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. கிளாரன்ஸ் 1,800 மீட்டருக்கு மேல். ஆஃப்ரிஸ்கியின் சறுக்குத் தளம் 3,000 மீட்டருக்கும் மேல். காலையில் கடற்கரை, மாலையில் மூவாயிரம் மீட்டர் என்று ஒரே மூச்சில் ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குவது, ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் வரும். 2,500 மீட்டரைத் தாண்டினாலே பலருக்கு இது ஆரம்பித்துவிடும். வாலிப வயது, நல்ல திடமான உடம்பு என்பதெல்லாம் இதற்குத் தடுப்பு ஆகாது. நடுவில் ஒன்றிரண்டு இரவு கிளாரன்ஸில் தூங்கினால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். பகலில் மேலே போனாலும் ராத்திரி கீழே வந்து படுப்பது அதைவிட நல்லது. பிரஷர், நெஞ்சு வலி, ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அங்கே காற்று காய்ந்த காற்று. தாகம் தெரியாமலே உடம்பு வற்றிப்போகும்.

போகிற வழி

டர்பனிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா என்று மூன்று டோல். வான் ரீனன் கணவாய் ஏறி முடித்தால் ஃபிரீ ஸ்டேட். ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட்டு, பெரியவர்களை இறக்கிக் கால் நீட்டி நடக்க விடுங்கள். அங்கிருந்து புத்தடிட்ஜாபா வழியாக ஆர்712 சாலை. அது கோல்டன் கேட் தேசியப் பூங்காவுக்கு நடுவிலேயே போய்க் கிளாரன்ஸில் கொண்டுவிடும். மஞ்சளும் செம்மையுமான பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும் அந்தத் தூரத்தை வெளிச்சத்தில்தான் கடக்க வேண்டும். அழகுக்காக மட்டும் இல்லை, இந்தப் பக்கத்துச் சாலைகளில் பள்ளங்கள் அதிகம். காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் இருப்பீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வானிலையைப் பாருங்கள். வான் ரீனன் பக்கம் கடும் பனி விழுந்தால் என்3யையே மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், அங்கே வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் சிக்கி நின்றன. அதனால் ஆளுக்கு ஒரு போர்வை, தண்ணீர், பிஸ்கட், ஃபிளாஸ்கில் டீ, போனுக்கு சார்ஜர், ஒரு நாளைக்கு அதிகமான மாத்திரை எல்லாம் வண்டிக்குள் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். காரின் பின் டிக்கியில் சூட்கேஸுக்கு அடியில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

வீட்டுப் பெரியவர்கள், “ஃபிரீ ஸ்டேட்டில் ராத்திரி தங்குவதா?” என்று தயங்கினால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 1891இல் இந்தியர்களைக் குடியிருக்க விடாமல் அங்கே சட்டம் போட்டார்கள். அது 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. அதுவரை அனுமதிச் சீட்டு இல்லாமல் நம் ஆட்கள் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்க முடிந்ததில்லை. என் அப்பா ஜோஹன்னஸ்பர்க்கில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஓட்டிப் போகும்போது, ஹாரிஸ்மித்தில் நுழைந்தால் வால் ஆற்றைத் தாண்டும் வரை வண்டியை நிறுத்த மாட்டார். புளிச்சோறும் பருப்புத் துவையலும் எனாமல் டிபனில் இருக்கும். பின் சீட்டில் அம்மா உருட்டி உருட்டி எங்கள் கையில் கொடுப்பார். அவ்வளவு தூரமும் பார்த்துக்கொண்டே போன அந்த நிலத்தில் அம்மா இறங்கி நின்றது வயதான பிறகுதான். எங்களுக்கு முந்தின தலைமுறையை அங்கே கூட்டிப் போய், சொந்தக் காசில் நல்ல அறை எடுத்து, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது எனக்குப் பெரிய விஷயம். பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கதையை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். ஹாரிஸ்மித்துக்கும் ஊருக்கும் நடுவில் அதற்கு நேரம் இருக்கிறது.

ஊருக்குள் நடப்பது

வீடு பிடிக்கும்போது படத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: சதுக்கத்துக்கு நடந்து வர எத்தனை நிமிடம்? வழியில் ஏற்றம் உண்டா? தெரு தார் ரோடா, மண் ரோடா? ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. மேல் தெருக்களில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் சரளை மண்ணில் ஏறி இறங்குவது மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது. சதுக்கத்திலிருந்து இரண்டு மூன்று தெருவுக்குள், சமதரையில், காட்சி இல்லாத வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். காட்சி ஊர் முழுக்க இருக்கிறது. வாசலில் எத்தனை படி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் அங்கே மழை கிடையாது, மழையெல்லாம் கோடையில்தான். அதனால் ஊரே வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புல் காய்ந்து பொன்னிறமாக இருக்கும், வானம் நல்ல நீலம், பகலில் வெயில் இதமாக இருக்கும். ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஆகவே நடைக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காலை ஒன்பதுக்கு முன்னால் பெரியவர்களை வெளியே கிளப்பாதீர்கள். புல்லில் உறைபனி இருக்கும், கல் பாவிய நடைபாதை வழுக்கும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சதுக்கம். சாப்பிட்டு ஒரு தூக்கம். மூன்றிலிருந்து நாலரை வரை இன்னொரு சின்ன நடை. அந்த நேரத்தில்தான் சுற்றியிருக்கிற மணற்பாறைகள் நிறம் மாறும், இரும்புச் சத்து கலந்த பாறை ஆனதால் சாயும் வெயிலில் அப்படியே சிவந்துபோகும். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் குளிர் சட்டென்று கால் வழியாக ஏறும். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அந்தப் பாறையைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே பாலைவனம் இருந்தது. காற்று அடித்துக் குவித்த மணல்தான் இறுகிப் பாறையானது. புவியியல்காரர்கள் இந்தப் பாறை அடுக்குக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், தென்னாப்பிரிக்காவில் எங்கே அது வந்தாலும் கிளாரன்ஸ் அடுக்கு என்றுதான் பெயர். கையால் தடவினால் மணல் ஒட்டிக்கொண்டு வரும்.

சதுக்கத்தில் என்ன செய்வது? ஓவியக் கடைகளுக்குள் சும்மா நுழைந்து பார்க்கலாம், வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செர்ரி ஜாம் வாங்குங்கள். இது செர்ரி விளைகிற பக்கம். பியர் குடிக்கிறவர்களுக்கு ஊரிலேயே காய்ச்சுகிற இடம் ஒன்று சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது. மலைக்குப் போகிற முந்தின ராத்திரி மட்டும் அது வேண்டாம். மற்றபடி வெயில் விழுகிற பெஞ்சு ஒன்றைப் பிடித்து உட்காருங்கள். என் அம்மாவுக்கு அதுதான் பிடித்த வேலை. ஒரு தடவை பக்கத்தில் அவர் வயதுள்ள ஒரு பசோத்தோ அம்மாள் வந்து உட்கார்ந்தார். தோளில் கனமான கம்பளி, நெஞ்சுக்கு நேரே பெரிய ஊசி குத்தியிருந்தது. அம்மாவுக்கு செசோத்தோ தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். அம்மா அந்தக் கம்பளியின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். அந்த அம்மாள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் ரெண்டு பேரும் முழங்காலைத் தொட்டுக் காட்டி வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். பெரிய ஆண்களுக்கு “டுமேலா ன்டாடே”, பெண்களுக்கு “டுமேலா ம்மே”. நன்றிக்கு “கேயா லெபோஹா”. கடையில் நுழைந்ததும் விலையைக் கேட்பது அங்கே மரியாதை இல்லை. எல்லைச் சாவடியிலும் இந்த ஒரு வார்த்தைக்கு முகம் மலரும்.

அந்தக் கம்பளி ஒன்று வாங்கி வைப்பது நல்லது, வீட்டில் பெரியவர் யாருக்காவது. லெசோத்தோவின் மொஷோஷோ மன்னருக்கு 1860இல் ஒரு வணிகர் கம்பளி கொடுத்ததிலிருந்து இந்தப் பழக்கம் பரவியது என்று சொல்வார்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை டர்பனில் இறக்கியதும் அதே ஆண்டுதான். உண்மையான கம்பளி விலை கூடுதல். கண்ணாடி இழை மாதிரி பளபளக்கிற மலிவுச் சரக்கு வேண்டாம், அது கதகதப்புத் தராது.

கால் பலமுள்ளவர்களுக்கு ஊரை ஒட்டியே ஓடைக்கரையிலும் குன்றுகளிலும் நடைபாதைகள் இருக்கின்றன. குளூஃப் அணை வரை போகும் பாதை பிள்ளைகளுக்கு ஏற்றது. ஊருக்கு வெளியே ஆஷ் ஆற்றில், லெசோத்தோவின் கட்ஸே அணைத் தண்ணீர் மலைக்கு அடியில் சுரங்கம் வழியாக வந்து வெளியே கொட்டுகிறது. அது வால் அணைக்குப் போய்ச் சேரும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் நம் சொந்தக்காரர்கள் குழாயைத் திறந்தால் வருவது இதுவும்தான். கோல்டன் கேட்டுக்கு ஒரு அரை நாள் வையுங்கள். அங்கே 1976இல் டைனோசர் முட்டைகள், உள்ளே குஞ்சுகளோடு, கல்லாகக் கிடைத்தன. பூங்காவுக்குள் வட்டச் சாலைகள் இருப்பதால், நடக்க முடியாதவர்கள் வண்டியில் இருந்தபடியே மான்களையும் பாறைகளையும் பார்க்கலாம்.

மலைக்குப் போகும் நாள்

பெரியவர்களை ஊரில் விட்டு, கூட ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும், ஆனால் பேரன் முதல்முதல் சறுக்கும்போது நானும் போனேன், அதனால் சொல்கிறேன்.

கிளாரன்ஸிலிருந்து ஃபோரிஸ்பர்க், அங்கிருந்து கலிடன்ஸ்போர்ட் எல்லை, அப்புறம் லெசோத்தோவில் புத்தா புத்தே, மோட்டெங் கணவாய். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. லீவு நாளில் எல்லையில் வரிசை நின்றால் இன்னும் ஆகும். எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரில் ஒருவர் வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஆயாவோடு மட்டும் பிள்ளை வந்தால் இது ரொம்ப முக்கியம். கார் வாடகைக்கு எடுத்தது என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம், வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதம். இதையெல்லாம் டர்பனிலேயே வாங்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் திரும்பும்போது தொல்லை. ராண்ட் அங்கே செல்லும், ஆனால் மீதியை லெசோத்தோ பணமான மலோட்டியில் கொடுத்தால் அதை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இந்தப் பக்கம் வாங்க மாட்டார்கள்.

மோட்டெங் கணவாய் தார் ரோடுதான், ஆனால் செங்குத்து, வளைவு மேல் வளைவு. வெயில் படாத வளைவுகளில் ஐஸ் இருக்கும். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் சின்ன கியரில் வாருங்கள். புதுப் பனி விழுந்த நாளில் சின்ன கார் வேண்டாம். பக்கி என்கிற பிக்கப் வண்டியோ ஃபோர் பை ஃபோரோ இருந்தால், ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் போங்கள். மாலை மூன்று மணிக்கு ஆஃப்ரிஸ்கியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பிள்ளைகள் இன்னும் ஒரு தடவை என்று கெஞ்சுவார்கள். கேட்காதீர்கள்.

அங்கே சறுக்குப் பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, பெரும்பாலும் இயந்திரத்தில் தயாரித்த பனி. ராத்திரிக் குளிரில் தண்ணீரைத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அதனால் மலை பழுப்பாகவும் பாதை மட்டும் வெள்ளையாகவும் இருந்தால் ஏமாற்றம் அடைய வேண்டாம். முதல் தடவை போகிறவர்கள் பாடத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். சொந்தக்காரப் பையன் சொல்லிக்கொடுப்பான் என்று நம்பிப் போய்க் கையை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட பூட்ஸ் சரியாக இருக்க வேண்டும். வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் கூட்டம் இருக்கும், அவசரப்படுத்துவார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள். காலுக்கு ஒரே ஒரு நீளமான மெல்லிய கம்பளிச் சாக்ஸ். குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் அடைபட்டு இன்னும் குளிரும். பேன்ட் விளிம்பு பூட்ஸுக்கு உள்ளே போகக் கூடாது. காலை நுழைத்துக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளுங்கள், அப்புறம்தான் கொக்கிகளை மாட்ட வேண்டும். பேரன் நேராக நின்றுகொண்டு, “ஆயா, விரல் முட்டுது” என்றான். “முழங்காலை மடக்கி முன்னால சாய்ஞ்சு பார், ராஜா” என்றேன். மடக்கியதும் விரல் பின்னால் வந்து இடம் கிடைத்துவிட்டது. அதுதான் சரியான அளவு: நேராக நின்றால் லேசாக உரச வேண்டும், மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பெரிசு, மாற்றச் சொல்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். விழுந்து எழுந்தால் நனையும், நனைந்தால் காயாது. உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், நடுவில் ஃபிளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட். கடைசி இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை கட்டாயம். சன்ஸ்கிரீனை நம் ஆட்கள் சிரித்துவிட்டு ஒதுக்குவார்கள், கறுப்புத் தோலுக்கு எதற்கு என்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடியும் தாடையும் கூடக் கருகும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளையையும் பனியில் விடாதீர்கள்.

மேலே இழுத்துப் போகிற லிஃப்ட் தொடைக்குப் பின்னால் அழுத்தித் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதில் உட்காரக் கூடாது, நின்றபடியே வர வேண்டும். யாருக்காவது தலைவலியோடு வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள்.

சமையலும் குளிரும்

அடுப்பு உள்ள வீடாக எடுங்கள். ஊரில் சைவத்துக்கு உருளைக்கிழங்கும் சீஸும்தான் அதிகம் கிடைக்கும், பெரியவர்கள் இரண்டு நாளில் சலித்துவிடுவார்கள். மசாலா, புளி, பருப்பு, அரிசி, ஊறுகாய் கொண்டு போங்கள். மிளகு ரசம் ஒரு பானை வைத்துவிட்டால் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் பருப்பு வேக நேரம் ஆகும். குக்கரையும் எடுத்துப் போங்கள்.

கணப்பில் விறகோ கரியோ எரியும்போது ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுக்கும் முன் தீயை அணைத்துவிட்டு வெந்நீர்ப் பையும் கனமான போர்வையும் போதும். கேஸ் ஹீட்டருக்கும் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். ராத்திரி குழாய் உறைந்துபோகலாம். படுக்கும் முன்னால் கெட்டிலையும் ஒரு வாளியையும் நிரப்பி வையுங்கள். காலையில் கார் கண்ணாடியில் உறைபனி இருந்தால் கொதிநீரை ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

தேதி குறிக்கும்போது கோயில் காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஞாயிறுகளும் பனிக்காலமும் ஒன்றாக வரும். ஞாயிறு பூசையை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை கிளம்பினால் ஊரும் மலையும் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். ஆகஸ்ட் 9 ஒட்டிய நீண்ட வார இறுதி என்றால் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

திரும்புகிற நாள் காலை பத்து மணிக்குக் கிளாரன்ஸை விடுங்கள். வான் ரீனனை நல்ல வெளிச்சத்தில் இறங்கிவிடலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில் இறக்கத்தில் சாயங்காலம் மூடுபனியும் லாரிகளும் சேர்ந்துகொள்ளும், அதற்கு முன்னால் அந்த இடத்தைத் தாண்டிவிடப் பாருங்கள்.